நாலு கதவுக்கும் பீடிங்

வெர்னா விடிகாலை நாலரைக்கே வாசலில் காரின் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஜூலை மாத அரிசோனாவில் வெளியே கையால் செய்கிற எந்த வேலையையும் அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. ஏழு மணி தாண்டிவிட்டால் கார்க் கதவில் கை வைக்க முடியாது, வெந்துவிடும். இப்போதே காற்று தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்றுகொண்டிருந்தது. பகலில் நூற்றுப் பதினாலு ஏறும் என்று டுவைட் நேற்றே சொல்லிவிட்டான். நாற்காலியில் உட்கார்ந்தபடி வெயில் கணக்குச் சொல்வதை அவன் ஒரு உத்தியோகமாகவே வைத்திருந்தான்.

கதவுக் கண்ணாடி உள்ளே இறங்குகிற இடத்தில் விளிம்போடு ஒரு கறுப்புப் பட்டை ஓடுமே, அந்த பீடிங்தான் அவளுடைய தலைவலி. பதினாலு வருஷ வெயிலில் நாலு கதவிலும் அது வெளுத்து, வெடித்து, முனை சுருண்டு எழும்பிக் கிடந்தது. தொட்டால் விரலில் கரி ஒட்டிக்கொண்டது. பார்க்கத்தான் அசிங்கமே தவிர, அதனால் கார் ஓடாமல் போய்விடாது. ஆனால் டுவைட் அதை வைத்துத்தான் ஒரு நிபந்தனை போட்டிருந்தான்.

டுவைட் அவளுடைய புருஷன். எழுபத்து நாலு வயது. விமானக் கம்பெனியில் தகரம் அடித்து ஓய்வு பெற்றவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் முதுகெலும்பில் கத்தி வைத்ததிலிருந்து கால் இரண்டும் பேருக்குத்தான். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அறைக்கு அறை நகர்வான், அவ்வளவே. குளிக்க வைப்பது, காலுறை மாட்டுவது, மாத்திரை எடுத்து வைப்பது, இரவில் இரண்டு தடவை எழுப்பித் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் வெர்னா. எட்டு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை. அவளுக்கும் அறுபத்தெட்டு ஆகிவிட்டது, அது யார் கணக்கிலும் வரவில்லை.

கலிபோர்னியாவில் கடலோரம் இருக்கும் தங்கை கோரின் வீட்டுக்குப் பத்து நாள் போய்வருகிறேன் என்று மே மாதம் அவள் வாய் திறந்தாள். பத்து நாளைக்கு வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள சர்ச் மூலமாக ஒரு பெண்மணியையும் பிடித்திருந்தாள். அந்த அம்மாளை வீட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பது டுவைட் கையில் இருந்தது. வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் சர்ச் ஆள் அனுப்பாது.

அவன் யோசித்து யோசித்து ஒரு நாள் சொன்னான். "போறதுன்னா போ. ஆனா இந்த காரோட போகாதே. எழுபத்தஞ்சு மைல் வேகத்துல போறப்ப அந்த பீடிங் பிச்சுக்கிட்டு போய் பின்னாடி வர்றவன் மூஞ்சில அடிக்கும். மழை வந்தா கதவுக்குள்ள தண்ணி எறங்கி கண்ணாடி மோட்டார் போயிடும். நாலு கதவுக்கும் மாத்து. மாத்தி முடிச்சா அந்தப் பொம்பளைய நான் உள்ள விடறேன்."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. போன வருஷ மழையில் மோட்டார் போயும் இருந்தது. அதுதான் டுவைட்டிடம் உள்ள கஷ்டம். அவன் போடுகிற முட்டுக்கட்டை எல்லாமே நியாயமாக இருக்கும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பத்து நாள் என்று வெர்னா சொன்னது பொய். கோரின் வீட்டின் பின்னறை காலியாக இருந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் நீ வராவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு வாத்தியாருக்கு விட்டுவிடுவேன் என்று கோரின் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம் என்றும் சொன்னாள். வெர்னா அதைக் கேட்டபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். திரும்பி வருகிற தேதியை அவள் கோரினிடம் சொல்லவில்லை, கோரினும் கேட்கவில்லை.

அதனால்தான் நாலரை மணிக்குக் கையில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரோடு குந்தியிருந்தாள்.

சமையலறை ஜன்னல் வாசல் பக்கமாகவே திறக்கிறது. அதன் பின்னால் டுவைட் வந்து உட்கார்ந்துவிட்டான்.

"கதவோட பக்கவாட்டுல ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை மொதல்ல கழட்டு."

"கழட்டியாச்சு."

"பின் முனையிலேருந்து தூக்கு. முன்னாடியிலேருந்து தூக்கினா கிளிப்பு ஒடையும்."

ஒடிந்தது. வெயிலில் வெந்த பிளாஸ்டிக், பின்னால் தூக்கினாலும் ஒடியும், முன்னால் தூக்கினாலும் ஒடியும்.

"எத்தனை தடவ சொல்றது உனக்கு?"

"உனக்கு வாய் மட்டும் நல்லா நடக்குது, டுவைட்."

"அதுவும் நின்னுடுச்சுன்னா உனக்கு போரடிக்கும்."

பள்ளத்தில் பதினாலு வருஷத்து மண் இருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். புது பீடிங்கை வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனாள். டக், டக் என்று கிளிப்புகள் உட்கார்ந்தன. ஒரு கதவு முடியும்போது ஆறரை ஆகிவிட்டது. பளபளவென்று கறுப்பாக நின்றது அந்த ஒரு கதவு மட்டும். அவளுக்கு ஏனோ பல் துலக்கிய மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் எல்டன் வந்தார். கோல்ஃப் வண்டியில் காலனியைச் சுற்றிவருகிற மேற்பார்வையாளர். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்கள் மட்டும் குடியிருக்கும் காலனி அது. யார் வீட்டுக் கல் தோட்டத்தில் எத்தனை களை முளைத்திருக்கிறது என்பது வரைக்கும் விதி உண்டு. தெருவிலிருந்து தெரிகிற மாதிரி கார் ரிப்பேர் செய்யக் கூடாது என்பதும் ஒரு விதி. செய்வதானால் ஷெட்டுக்குள் வண்டியை விட்டு ஷட்டரை இறக்கிக்கொண்டு செய்ய வேண்டும்.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க, வெர்னா. பேர் போடல. எழுதி வந்துட்டா நான் நோட்டீஸ் குடுத்துத்தான் ஆகணும்."

"காலங்கார்த்தால நாலரைக்கு யாரு பாக்கறா?"

"இங்க எல்லாருக்கும் வயசாயிடுச்சு. யாருக்கும் தூக்கம் வர்றதில்ல," என்றார் எல்டன்.

டுவைட் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். "எதுத்த வீட்டு ஆர்டித்தாத்தான் இருக்கும். அவளுக்கு வேற வேலை கெடையாது."

வெர்னாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆர்டித் குப்பைத் தொட்டி அரை மணி நேரம் கூடுதலாக வெளியே நின்றாலே வந்து கதவைத் தட்டுகிறவள். அவளை அன்று முழுக்க மனசுக்குள் கரித்துக் கொட்டினாள்.

ஷெட்டில் காரை விட இடமில்லை. டுவைட்டின் துளை போடும் மெஷின், ஓடாத ஃப்ரீசர், எதற்கென்று அவனுக்கே தெரியாத தகரத் துண்டுகள், பேர் எழுதி ஒட்டிய பெட்டிகள் என்று சுவருக்குச் சுவர் அடைந்து கிடந்தது. ஒன்றைத் தொட்டால் போதும். "அதை எடுக்காதே, எனக்கு வேணும்," என்பான். எட்டு வருஷமாக அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஆகவே அடுத்த வாரம் அவள் ஒரு தந்திரம் செய்தாள். இரண்டு பெரிய குப்பைத் தொட்டிகளையும் வாசலின் தெருமுனையில் சேர்த்து நிறுத்தினாள். அவற்றுக்குப் பின்னால் குந்தினால் தெருவிலிருந்து ஆள் தெரியாது. அப்படி மறைந்துகொண்டு இரண்டாவது கதவை முடித்தாள். அன்றைக்கு டுவைட் அதிகம் பேசவில்லை. "பின் முனை" என்றுகூடச் சொல்லவில்லை. இடுப்பு வலியாக இருக்கும் என்று நினைத்து அவனுக்கு ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்தாள்.

நாலு நாளில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. படத்தோடு. கறுப்பு வெள்ளையில், தபால்தலை அளவுக்கு அச்சாகியிருந்தது. காரும் ஒரு குந்திய உருவமும் மட்டும் தெரிந்தன. ஆகஸ்ட் ஆறாம் தேதி விசாரணை. அதுவரைக்கும் வண்டியை வெளியே வைத்து எந்த வேலையும் செய்யக் கூடாது.

அதை மடித்து வைத்துவிட்டு வெர்னா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே நூற்றுப் பதினாறு. ஜன்னல்களில் எல்லாம் வெயிலை மறைக்கும் வலை. ஏசி இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது. ஜூன் தொடங்கி அந்த ஜன்னல்களைத் திறந்ததே இல்லை. ஆகஸ்ட் ஒன்றுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. இந்த வீட்டில்தான் நான் செத்துப்போவேன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். டிவி சத்தத்தில் அது டுவைட் காதில் விழவில்லை.

கோபத்தில் ஆர்டித் வீட்டுக்கே போய்க் கேட்டுவிடுவது என்று தெருவைத் தாண்டினாள். போன பிறகுதான் பார்த்தாள். ஜன்னல்களில் உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருந்தது. தண்ணீர்க் குழாய் மூடிக் கட்டியிருந்தது. வெயில் காலம் வந்தால் வடக்கே ஓடிவிடுகிற கூட்டத்தில் ஆர்டித்தும் ஒருத்தி, மே மாதமே அயோவாவுக்குப் போய்விட்டாள். அக்கம் பக்கத்து வீடுகளிலும் வெள்ளித்தாள்தான். அந்தத் தெருவின் இந்த முனையில் ஜூலையில் வெர்னாவையும் டுவைட்டையும் தவிர மனுஷரே கிடையாது. அவளும் எத்தனையோ வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், கோபத்தில் மறந்துபோனாள்.

நேரே எல்டனுடைய அலுவலகத்துக்குப் போனாள்.

"அந்தப் படத்தைக் கலர்ல காட்டுங்க, எல்டன். யார் எடுத்ததுன்னு நான் கேக்கல. எங்கேருந்து எடுத்ததுன்னு மட்டும் பாக்கறேன்."

எல்டன் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரை நிறைய வெர்னா. குந்திய முதுகு, வேர்த்த கழுத்து, ஒரு பக்கம் சரிந்த கொண்டை. அவளைத் தெருவிலிருந்து மறைக்க வேண்டிய இரண்டு குப்பைத் தொட்டிகளும் படத்தில் அவளுக்குப் பின்னால் நின்றன. அதற்குப் பின்னால் தெரு. படத்தின் மேல் விளிம்பில் சிவப்பாக ஒரு பாட்டிலின் அடிப்பாகம் தொங்கியது. தேன்சிட்டுகளுக்காக அவளே வாரம் இரண்டு தடவை சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுகிற பாட்டில். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தொங்குவது.

அவள் திரையில் அந்தப் பாட்டிலின் மேல் ஒரு விரலை வைத்து எடுத்தாள்.

"ஆளு தெரிஞ்சா விசாரணைல சொல்லலாம்," என்றார் எல்டன். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"தெரியல," என்றாள் வெர்னா.

வீட்டுக்கு வந்து அவனுக்கு டூனா சாண்ட்விச் செய்து, ஓரம் வெட்டி, ஊறுகாய் வெள்ளரிக்காயோடு தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஆத்திரம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக ஒரு அவமானம். இந்த மனுஷனிடம் நாற்பத்து மூன்று வருஷம் இருந்திருக்கிறேன், என் முதுகைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிற அளவுக்குப் போகிற ஒருத்தனோடு இருந்திருக்கிறேன் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். சண்டை போட வார்த்தைகள் வரிசையில் நின்றன. ஆனால் சண்டை போட்டால் அந்த அம்மாளை உள்ளே விடமாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அன்று மாலையிலிருந்து ஷெட்டைக் காலி செய்ய ஆரம்பித்தாள். டுவைட் உள் கதவில் வந்து நின்று, "அதை எடுக்காதே," என்றான். அவள் எடுத்தாள். "அது எனக்கு வேணும்." அதையும் எடுத்தாள். ஃப்ரீசரைக் கொண்டுபோக ஆள் வந்தபோது அவன் பேசாமல் படுக்கையறைக்குப் போய்விட்டான்.

இரண்டு நாளில் கார் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் விடிகாலை காரை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கினாள். உள்ளே இருட்டும் பெட்ரோல் வாசனையும். சுவரிலிருந்த வெப்பமானி ஆறு மணிக்கே நூறு காட்டியது. கழுத்தில் ஐஸ் சுற்றிய துண்டு, பக்கத்தில் தண்ணீர் வாளி, அதில் ஸ்க்ரூடிரைவர். காரும் சுவரும் நெருக்கிக்கொண்டு நின்றன, கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. அந்தப் பாதிக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு மூன்றாவது கதவின் பீடிங்கைப் பெயர்த்தாள். ஒரு தடவை கண் இருட்டியது. சீட்டில் தலை சாய்த்து நூறு வரைக்கும் எண்ணிவிட்டு மறுபடி எழுந்தாள். நாலாவது கதவில் பீடிங் உட்காரவே இல்லை. பத்து நிமிஷம் போராடிய பிறகுதான் மூன்றாவதற்கு உரியதை நாலாவதில் வைத்திருப்பது தெரிந்தது. இரண்டையும் கழற்றி மாற்றினாள். டுவைட் ஜன்னலில் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பான் என்று நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசிக் கிளிப் உட்கார்ந்தபோது மணி ஒன்பது. உள் கதவு திறந்தது. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு டுவைட் நின்றான். அவன் பின்னாலிருந்து குளிர்காற்று வந்தது. அவன் ஒவ்வொரு கதவாகக் கண்ணை ஓட்டினான்.

"நாலும் நேரா இருக்கு," என்றான்.

"நீ எடுத்த படமும் நேராத்தான் இருந்துச்சு. குப்பைத் தொட்டி பின்னாடி நல்லா தெரிஞ்சுது."

அவன் நடைச்சட்டத்தின் பிடியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மூணு நாளா."

"தெரிஞ்சும் எனக்கு சாண்ட்விச் ஓரம் வெட்டிக் குடுத்தே."

"விஷம் வாங்கப் போக நேரமில்ல. பீடிங் மாட்ட வேண்டியிருந்துச்சு."

டுவைட்டுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

"பத்து நாளுக்கு எதுக்கு வெர்னா குளிர்கோட்டு?"

அவள் ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். "என் பெட்டியத் தொறந்தியா?"

"தொறக்கல. அலமாரில இல்ல. அந்தக் கோட்டு எங்க தொங்கும்னு எனக்குத் தெரியும். உங்கம்மா போட்டோவும் செவுத்துல இல்ல. ஆணி மட்டும் இருக்கு." அவன் மூச்சு வாங்கினான், நிற்பது அவனுக்குக் கஷ்டம். "போகாதேன்னு உங்கிட்ட கேக்க எனக்கு வாய் வரல. அந்தப் புகார் ஃபாரம் சுலபமா இருந்துச்சு. காரணம்ன்ற எடத்துல ஒரு டிக் அடிச்சா போதும்."

அவன் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் சாவியை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே கிளம்பியிருப்பாள்.

"அந்தப் பொம்பளைய நாளைக்கே வரச் சொல்லு," என்றான் டுவைட். "நானே கதவத் தொறந்து விடறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. திரும்பி வருவேன்னு சொல்லு. பொய்யா இருந்தாலும் பரவால்ல. பத்து நாளைக்கு எனக்கு அது போதும்."

ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டால் ஷட்டர் திறக்கும், ஆறு மணி நேரத்தில் கடல். அவனே பொய் சொல் என்கிறான், இதைவிட லேசாக யாருக்கு விடுதலை கிடைக்கும்? பொய்தானே, சொல் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"வருவேன்," என்றாள்.

டுவைட் தலையாட்டினான். நம்பிவிட்டான். முகமே மாறிவிட்டது. நடைச்சட்டத்தை மெல்லத் திருப்பிக்கொண்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான். வெர்னா ஸ்க்ரூடிரைவரை வாளிக்குள் போட்டாள். சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று மனசுக்குள் மன்றாடிப் பார்த்தாள். அது பொய்யாக இல்லை. நாக்கிலிருந்து இறங்கும்போதே அது நிஜமாகிவிட்டிருந்தது, பதினோராம் நாள் காலையில் இதே வாசலில் வண்டியை நிறுத்துகிற தன் கையை அவளால் பார்க்க முடிந்தது. கார் சீட்டில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கோரினுக்குப் போன் போட்டாள்.

"எப்ப கெளம்பறே?" என்றாள் கோரின். "அறையெல்லாம் துடைச்சு வெச்சிருக்கேன்."

"நாளைக்கு. பீடிங் முடிஞ்சுது," என்றாள் வெர்னா. "கோரின், அந்த வாத்தியாருக்கே அறையக் குடுத்துடு. எனக்கு பத்து நாளைக்கு சோபா போதும்."